மரவள்ளிக் கிழங்கை ஏழைகளின் தட்டுக்குக் கொண்டுவந்த மகாராஜா: யார் இந்த விசாகம் திருநாள்?

சேலத்திலிருந்து ஆத்தூர் பக்கமோ, நாமக்கல்லிலிருந்து ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கமோ போனால் ரோட்டின் இரண்டு பக்கமும் ஒரு பயிர் கண்ணில் படும். விரித்த கை மாதிரி இலை, ஆளுயரக் குச்சி. ஊர்க்காரர்களுக்கு அது குச்சிக்கிழங்கு. புத்தகத்தில் மரவள்ளி. கன்னியாகுமரியில் மரச்சீனி. கேரளத்தில் கப்பை. பாயசத்தில் போடும் ஜவ்வரிசியும் இதிலிருந்துதான் வருகிறது.

இவ்வளவு நெருக்கமான இந்தக் கிழங்கு நம் மண்ணில் பிறந்தது இல்லை. கொஞ்ச காலம் முன்புவரை, இதைத் தின்றால் செத்துப்போவோம் என்று பயந்தவர்களும் இருந்தார்கள். அந்தப் பயத்தைப் போக்கி, இதை மசித்துச் சாப்பிடும் ஒரு முழு உணவாக மாற்றியதில் முக்கியப் பங்கு ஒரு ராஜாவுக்கு உண்டு. திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் ராம வர்மா. ஆட்சியில் இருந்தது வெறும் 5 வருஷம். வாழ்ந்தது 48 வருஷம்.

யார் இவர்?

1837 மே 19-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தார். கர்னாடக இசை கேட்பவர்களுக்குத் தெரிந்த சுவாதித் திருநாள் இவருடைய தாய்மாமன். தாய் ராணி ருக்மிணி பாய், குழந்தை பிறந்த கொஞ்ச நாளிலேயே இறந்துவிட்டார். தாயில்லாத பிள்ளை, அதிலும் நோஞ்சான். சின்ன வயதில் அடிக்கடி படுத்த படுக்கை. அந்த உடல்நலக் குறைவு கடைசிவரை அவரை விடவில்லை.

திருவிதாங்கூரில் அரசுரிமை அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாது. மருமக்கத்தாய முறை. அண்ணன், அடுத்து தம்பி, அடுத்து சகோதரியின் மகன் என்று போகும். அதனால் வரிசையில் தன் முறை வரும்வரை காத்திருப்பதுதான் இவருக்கு விதிக்கப்பட்ட வேலை.

அந்தக் காத்திருப்பைப் படிப்பாக மாற்றியவர் ஒரு கும்பகோணத்துக்காரர். 1849-ல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியராக வந்த டி. மாதவராவ். பின்னாளில் திருவிதாங்கூருக்கும் பரோடாவுக்கும் திவானாக இருந்து பெயர் வாங்கிய அதே சர் டி. மாதவராவ்தான். அவரிடம் ஆங்கிலம், கணக்கு, வரலாறு எல்லாம் படித்தார் இளவரசர். இருபது வயதைத் தாண்டும் முன்பே மெட்ராஸ் பத்திரிகைகளுக்கு ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

20 வருஷம் ‘இளையராஜா’

1860-ல் அண்ணன் ஆயில்யம் திருநாள் மகாராஜா ஆனார். தம்பி விசாகம் திருநாள் அடுத்த வாரிசு, அதாவது இளையராஜா. அந்தப் பட்டத்தோடு 20 வருஷம் போனது. அதிகாரம் எதுவும் கையில் இல்லை.

அவர் கையில் இருந்தது தோட்டம். செடி கொடி, விதை, மண் என்று ஆர்வம் போனது. வெளிநாட்டுப் பயிர்களை வரவழைத்து நட்டு, எது இந்த மண்ணில் வரும், எது வராது என்று பார்ப்பது பழக்கமானது. தாவரவியலில் இருந்த ஈடுபாட்டுக்காக லண்டன் லின்னேயன் சொசைட்டி அவரை ஃபெல்லோவாகச் சேர்த்துக்கொண்டது. வைஸ்ராய் நார்த்புரூக் பிரபு தன் சபையில் உறுப்பினராக அழைத்தபோது, உடல்நிலையைக் காரணம் காட்டி மறுத்தார்.

இந்தத் தோட்ட வேலையில் சிக்கிய பயிர்களில் ஒன்றுதான் மரவள்ளி.

மரவள்ளியை இவர்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தாரா?

இல்லை. இங்கே ஒரு சின்னக் குழப்பம் உண்டு. மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. பிரேசிலைப் பிடித்த போர்ச்சுகீசியர்கள் வழியாக அது ஆப்பிரிக்காவுக்கும் மலபார் கரைக்கும் வந்தது. விசாகம் திருநாள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அது கேரளக் கரையில் இருந்தது. ஆனால் இருந்தது என்பது வேற, மக்கள் சாப்பிட்டார்கள் என்பது வேற. எங்கோ சில இடங்களில் இருந்த செடியை, நல்ல ரகங்களை வரவழைத்து, ஊர் ஊராகப் பரப்பி, சாப்பாடாக ஏற்கவைத்தது இவர் செய்த வேலை.

ஏன் இந்தக் கிழங்கின் மேல் அவ்வளவு அக்கறை?

ஒரே வார்த்தையில் பதில்: பஞ்சம்.

1860-61ல் திருவிதாங்கூரில் கடும் உணவுத் தட்டுப்பாடு வந்தது. அடுத்து 1876-78ல் சென்னை மாகாணத்தையே புரட்டிப்போட்ட தாது வருஷப் பஞ்சம். அதில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று சேலம். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது சேலத்தோடு சேர்ந்தவை. 1871 மக்கள்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் சுமார் 19.7 லட்சம் பேர். 1881-ல் சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரைக் காணோம்.

நெல்லை மட்டும் நம்பினால் மழை பொய்க்கும்போது இதுதான் கதி. மரவள்ளி அப்படி இல்லை:

• வளம் குறைந்த மேட்டு நிலத்திலும் வரும். வேர் பிடித்த பிறகு வறட்சியைத் தாங்கும்.

• முற்றியதும் உடனே அறுக்க வேண்டும் என்ற அவசரம் இல்லை. தேவைப்படும்வரை மண்ணிலேயே விட்டுவைக்கலாம்.

• நடுவதற்குக் குச்சி போதும். உருளைக்கிழங்கு என்றால் விளைச்சலில் ஒரு பங்கை விதைக்கு எடுத்துவைக்க வேண்டும். பட்டினியில் இருப்பவன் விதையையும் தின்றுவிடுவான். மரவள்ளியில் கிழங்கு முழுக்க வயிற்றுக்கு, குச்சி அடுத்த பயிருக்கு.

நெல் வயலே இல்லாத ஒரு கூலிக்காரக் குடும்பம், வீட்டைச் சுற்றி இருக்கும் துண்டு நிலத்தில் பத்து மாதத்தில் சோறு போடும் பயிரை வளர்க்கலாம் என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

விஷம் என்ற பயம் உண்மையா?

பாதி உண்மை. அதனால்தான் பயத்தைப் போக்குவது கஷ்டமாக இருந்தது.

மரவள்ளியில் லினமரின் என்ற ஒரு பொருள் உண்டு. கிழங்கை வெட்டும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு உருவாகும். இலையிலும் தோலிலும் இது அதிகம். கசப்பு ரகங்களைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் உயிருக்கே ஆபத்து. ஆனால் தோலைத் தடிமனாகச் சீவி, துண்டு போட்டு, நிறைய தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் சமையல் ரகங்களில் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அதாவது குச்சியைக் கொடுத்தால் மட்டும் போதாது, சமைக்கும் முறையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். விசாகம் திருநாள் அதைச் செய்தார் என்பதுதான் கேரளத்தில் இன்றும் பேசப்படுகிறது. எப்படி வேகவைக்க வேண்டும், எந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்று மக்களுக்கு அறிவிப்பு போனதாகவும், மக்கள் நம்ப வேண்டும் என்பதற்காக அரண்மனைச் சமையலறையிலேயே கிழங்கைச் சமைக்கச் சொல்லி ராஜாவே சாப்பிட்டதாகவும் சொல்வார்கள்.

பிரான்ஸிலும் இதே கதை

விசாகம் திருநாளுக்குச் சரியாக 100 வருஷம் முன்பு, 1737-ல் பிரான்ஸில் பிறந்தவர் அந்துவான் பர்மான்தியே. மருந்தாளுநர். ஏழாண்டுப் போரில் பிரஷ்யப் படையிடம் சிக்கி, சிறையில் அவருக்குக் கிடைத்த சாப்பாடு உருளைக்கிழங்கு. அப்போது பிரான்ஸில் அது பன்றித் தீனி. தொழுநோய் வரும் என்று பயந்து தடைகூடப் போட்டிருந்தார்கள். உருளைக்கிழங்கு தின்றே பிழைத்து ஊர் திரும்பியவர், மிச்ச வாழ்நாளை அந்தக் கிழங்குக்கு நல்ல பெயர் வாங்கித் தருவதிலேயே செலவழித்தார். 1780-களில் பாரீஸ் பக்கத்தில் ஒரு வயலில் உருளை நட்டு, பகலில் காவல் போட்டு, இரவில் காவலை எடுத்துவிட்டார், ஏதோ விலை உயர்ந்த சரக்கு என்று நினைத்து ஜனங்கள் திருடிக்கொண்டு போகட்டும் என்பதற்காக என்று ஒரு பிரபலமான கதை உண்டு. மசித்த உருளையும் கொத்திய கறியும் சேர்த்துச் செய்யும் ஒரு பிரெஞ்சு உணவு இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

தடை போட்டாலும் உத்தரவு போட்டாலும் மாறாத நாக்கை, யாரோ ஒருவர் சாப்பிட்டுக் காட்டி மாற்ற வேண்டியிருக்கிறது. திருவனந்தபுரத்திலும் அதுதான் நடந்தது.

5 வருஷ ஆட்சியில் என்ன செய்தார்?

1880-ல் அண்ணன் இறந்ததும் 43 வயதில் பட்டத்துக்கு வந்தார். அண்ணனால் 5 வருஷமாகக் காவலில் வைக்கப்பட்டிருந்த கவிஞர் கேரள வர்ம வலிய கோயித்தம்புரானை விடுவித்தார். மெட்ராஸிலிருந்து வெம்பாக்கம் ராமய்யங்காரைத் திவானாக அழைத்து வந்தார். போலீஸ் வேலையும் நீதி வழங்கும் வேலையும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்று பிரித்தார். நாடு முழுக்க நிலத்தை முறையாக அளந்து வரி நிர்ணயிக்கும் வேலை இவர் காலத்தில்தான் தொடங்கியது.

அது முடிவதைப் பார்க்க அவர் இல்லை. 1885 ஆகஸ்ட் 4-ல் இறந்தார். அடுத்து வந்த மூலம் திருநாள் 39 வருஷம் ஆண்டார். ஆட்சிக் காலத்தை வைத்துப் பார்த்தால் விசாகம் திருநாள் வரலாற்றில் ஒரு சின்னப் பத்திதான். ஆனால் அவர் பரப்பிய பயிர் அவரைவிட நீண்ட நாள் உயிரோடு இருந்தது.

உண்மையான பரீட்சை 1942-ல்

திருவிதாங்கூர் தன் தேவைக்கு வேண்டிய அரிசியை முழுதாக விளைவித்த நாடு இல்லை. பர்மா அரிசி கப்பலில் வந்துகொண்டிருந்தது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் கப்பல் நின்றது. ரேஷன், பட்டினி, நோய்ச் சாவுகள் என்று கடலோர ஊர்கள் தவித்தன. அரிசி இல்லாத வீடுகளில் அடுப்பில் ஏறியது கப்பைக் கிழங்கு. காலையிலும் அதுவே, ராத்திரியும் அதுவே. ராஜா இறந்து 57 வருஷம் கழித்து, அவருடைய தோட்டத்து ஆர்வம் லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறானது.

சேலத்துக்கு எப்படி வந்தது?

அதே போர்தான் காரணம். ஜவ்வரிசி என்பது முதலில் தென்கிழக்கு ஆசியாவில் சேகோ பனையின் தண்டிலிருந்து எடுத்த மாவில் செய்தது. அதனால்தான் அதற்கு ‘சேகோ’ என்று பெயர். போர் வந்ததும் அந்த இறக்குமதி நின்றது. வெளிநாட்டு மக்காச்சோள மாவும் வரவில்லை.

சேலத்து மாணிக்கம் செட்டியார் கருவாட்டு வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்தவர். அங்கே மரவள்ளி மாவை மாற்றாகப் பயன்படுத்துவதைப் பார்த்தார். பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவுக்கு மலேயாவில் சேகோ செய்யும் நுட்பம் தெரியும். இருவரும் சேர்ந்து 1943 வாக்கில் சேலத்தில் கைத்தொழிலாக ஆரம்பித்தார்கள். கிழங்கை அரைத்து, துணியில் வடிகட்டி, பாலைத் தெளியவைத்து, மாவை உருட்டி, வறுத்து, வெயிலில் காயவைப்பது. முறை எளிதுதான்.

உடனே ஒரு சிக்கலும் வந்தது. 1944-ல் உணவுப் பஞ்சம். மரவள்ளி ஜனங்களின் சாப்பாடு, அதைத் தொழிலுக்குத் திருப்பக் கூடாது, மாவட்டத்தை விட்டு வெளியே விற்கக் கூடாது என்று சேலம் கலெக்டர் தடை போட்டார். உற்பத்தியாளர்கள் சங்கம் சேர்ந்து, மேலதிகாரிகளைப் பார்த்துப் பேசி அதை விலக்கவைத்தார்கள். சாப்பாடா, சரக்கா என்ற அந்தக் கேள்வியில் சேலத்தில் சரக்கே ஜெயித்தது. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று இங்கே கிழங்கு விலை அதில் உள்ள மாவுச்சத்தின் ‘பாயிண்ட்’ கணக்கில் போகிறது. பிழிந்த சக்கை ‘திப்பி’ என்று மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது.

சரி, மசியல் செய்வது எப்படி?

திருவிதாங்கூர் வழக்கத்தில் இது கப்பைப் புழுக்கு. நாலு பேருக்கு 1 கிலோ கிழங்கு போதும்.

1. வாங்கும்போது சமையல் கிழங்கு என்று கேட்டு வாங்குங்கள். ஆலைக்குப் போகும் ரகங்களில் சில கசக்கும். வெட்டினால் உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும். நீலக் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் பழசு. தோண்டிய இரண்டு, மூன்று நாளிலேயே இது கெட ஆரம்பிக்கும்.

2. வெளித்தோலோடு, அடியில் இருக்கும் தடித்த உள்தோலையும் சேர்த்து உரியுங்கள். சின்னத் துண்டாக வெட்டி, நடு நரம்பை எடுத்துவிடுங்கள்.

3. கிழங்கு நன்றாக மூழ்கும் அளவு தண்ணீரில், மூடாமல் வேகவையுங்கள். கத்தி குத்தினால் பூப்போல இறங்க வேண்டும். உப்பைக் கடைசியில் போடுங்கள். தண்ணீர் முழுவதையும் கொட்டிவிடுங்கள். வாயில் வைத்துக் கசந்தால் சாப்பிட வேண்டாம்.

4. துருவிய தேங்காய் 1 கப், பச்சை மிளகாய் 4, சின்ன வெங்காயம் 8, பூண்டு 4 பல், சீரகம் அரை ஸ்பூன், மஞ்சள்தூள் கால் ஸ்பூன். இவற்றைக் கொரகொரப்பாக ஒரு சுற்று மட்டும் அரையுங்கள். விழுதாக வேண்டாம்.

5. சூடான கிழங்கில் இதைப் போட்டு, சிறு தீயில் 5 நிமிஷம் கிளறி, மரக் கரண்டியால் மசியுங்கள். மிக்ஸியில் போட்டால் பசை மாதிரி ஆகிவிடும். அங்கங்கே கட்டி இருப்பதுதான் ருசி.

6. தேங்காய் எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். சேலத்து நாக்குக்குக் கடலை எண்ணெயும், தாளிப்பில் ஒரு ஸ்பூன் உளுத்தம்பருப்பும், இறக்கியபின் அரை மூடி எலுமிச்சையும் சரியாக இருக்கும்.

கூடச் சேர்ப்பதுதான் முக்கியம்

100 கிராம் மரவள்ளியில் சுமார் 38 கிராம் மாவுச்சத்து. புரதம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. வயிறு நிறையும், உடம்புக்குப் போதாது. கேரளக் கடற்கரையில் கப்பையோடு மத்தி மீன் குழம்பு வந்தது சும்மா ருசிக்காக மட்டும் இல்லை. கிழங்கில் இல்லாததை மீன் கொடுத்தது. மீன் வாங்க முடியாத வீட்டில் வெறும் கிழங்கும் மிளகாயும் தின்றவர்களுக்குப் பசி அடங்கியது, சத்து கிடைக்கவில்லை.

நாமக்கல் பக்கத்தில் இதற்கு வழி கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. முட்டை. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். வெங்காயம், மிளகுத்தூள் போட்டு 4 முட்டையைப் பொடிமாஸாக்கி மசியலில் கலந்தால் ராத்திரிச் சாப்பாடே முடிந்தது. வறுத்து நொறுக்கிய நெத்திலிக் கருவாடும் சேரும். சைவம் என்றால் வேகவைத்த தட்டைப்பயறு, அல்லது வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த நிலக்கடலை. நாட்டுக்கோழிக் குழம்பு இருந்தால் இது எதுவும் வேண்டாம், வெறும் மசியலே போதும்.

ஒரே பயிரை நம்பினால்?

அயர்லாந்து உருளைக்கிழங்கை மட்டும் நம்பியிருந்தது. 1845-ல் கருகல் நோய் வந்தபோது சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். மரவள்ளிக்கும் அப்படி ஒரு மிரட்டல் சமீபத்தில் வந்தது. 2020-ல் தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் நுழைந்து, சேலம், நாமக்கல் தோட்டங்களைக் குருத்தோடு சுருட்டியது. மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து அனகைரஸ் லோபெசி என்ற சின்னக் குளவியை வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் குளவி இது. வெளிநாட்டுப் பயிர், அதைத் தேடி வந்த வெளிநாட்டுப் பூச்சி, அதற்கு வெளிநாட்டுக் குளவி. கிழங்கு விவசாயம் இன்றும் தோட்டத்துப் பரிசோதனையை நம்பித்தான் ஓடுகிறது.

அந்தப் பரிசோதனையை இப்போது செய்யும் முக்கிய இடம் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-ல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம். சேலம் விவசாயிகளுக்குப் பழக்கமான எச்-226, எச்-165 ரகங்கள் அங்கிருந்து வந்தவை. 1977-ல் அதே நிலையம் சதை லேசாக மஞ்சளாக இருக்கும், கரோட்டின் உள்ள ஒரு ரகத்தை வெளியிட்டது. அதற்கு வைத்த பெயர் ஸ்ரீ விசாகம்.